புகை வராத பிக்கப்

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் முதலில் அவர் நிலத்தைச் சொல்வார்கள், அடுத்து பிக்கப்பைச் சொல்வார்கள், பெண்டாட்டி பிள்ளையெல்லாம் அதற்கப்புறம்தான். ஓர்வில் டெம்சுக் விஷயத்தில் எடுத்ததுமே பிக்கப்தான். 1979-லிருந்து ஒரே கம்பெனி வண்டி. இப்போது இருப்பது நான்காவது. வெள்ளை நிறம், நான்கு கதவு, பின்னால் ஒரு கன்றுக்குட்டியையும் வைக்கோல் கட்டுகளையும் ஒன்றாக ஏற்றலாம். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. நான் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவள். சொன்னால் ஊரில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு அடுத்த ஊரில் போய் பெட்ரோல் போடுவார்கள்.

என் பங்கின் மூலையில் ஒரு நீள மேஜை இருக்கிறது. குளிர்காலத்தில் விவசாய வேலை இருக்காது. காலை ஏழு மணிக்கே ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காபி நான் ஊற்றுவேன், பேச்சு அவர்களே ஊற்றிக்கொள்வார்கள். வண்டிப் பேச்சுதான். யாருடையது நான்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, யாருடையது மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் ஒரே சாவியில் கிளம்பியது. முப்பது வருஷமாகக் கேட்கிறேன், ஒருவர் வாயிலிருந்தும் "என் வண்டி சரியில்லை" என்று வந்ததில்லை. பழுதாவதெல்லாம் எப்போதும் அடுத்தவன் வண்டிதான்.

"என்னய்யா ஓர்வில், நேத்து உன் வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனதாக் கேள்விப்பட்டேனே?" என்பார் ஹெய்ன்ஸ். அவர் வேறு கம்பெனி வண்டிக்காரர். நாற்பது வருஷச் சண்டை.

"பாதிதான் கேட்டிருக்க. கயித்துக்கு முன்னால இருந்தது என் வண்டி. பின்னால இருந்தது உன்னோடது."

மேஜையே குலுங்கும். நானும் காபிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர்வில்லின் மனைவி வெர்னாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் சாஸ்கட்டூன் நகரத்துக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போக நூற்றைம்பது கிலோமீட்டர், வர நூற்றைம்பது. ஒருமுறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறி நெஞ்சை அடைக்கும். அதிலும் திங்கட்கிழமை தவறவே கூடாது, சனி ஞாயிறு தண்ணீர் முழுக்க உள்ளேயே இருக்கும். வெர்னாவின் உயிர் அந்த வெள்ளை வண்டியின் நான்கு சக்கரத்தில் ஓடியது என்று சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை.

அந்த வண்டி போன அக்டோபரில் முதல் முறை நின்றது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, பிற்பாடு வெர்னா சொன்னதுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முன்பக்க விளக்கு, வேகம் காட்டும் முள், ரேடியோ எல்லாம் ஒரே அடியாகச் செத்தன. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. ஓர்வில் இரண்டு கையாலும் முறுக்கி வண்டியை ஓரம் கொண்டுவந்தார். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் தானாக உயிர்பெற்று, ரேடியோவில் கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னது அது?" என்றாள் வெர்னா.

"ஒண்ணுமில்ல. எங்கியாவது ஈரம் பட்டிருக்கும்."

பழுது பார்க்கும் கடையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் காட்டவில்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுமே, அந்தக் கதை. எதற்கும் இருக்கட்டும் என்று ஏதோ ஒரு சாமானை மாற்றிக் கொடுத்தார்கள். நவம்பரில் இரண்டு முறை நின்றது. இன்னொரு சாமானை மாற்றினார்கள். டிசம்பரில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தானாக வந்துவிடும். ஆனால் பத்து எண்ணுவதற்குள் வந்தது, இப்போது ஐம்பது வரை எண்ண வேண்டியிருந்தது. வெர்னா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதடு அசையாமல் எண்ணுவாளாம். ஓர்வில்லும் எண்ணுவது அவளுக்குத் தெரியுமாம். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வழியில் நின்றுவிட்டால் உறைந்துபோகாமல் இருக்க, பின் சீட்டில் தூங்கும் பை இரண்டும், மெழுகுவர்த்தி போட்ட தகர டப்பாவும் வந்து சேர்ந்தன. அதைப் பற்றியும் பேச்சில்லை.

"வேற வண்டி வாங்கிடலாமே" என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

"இதோட குணமாவது எனக்குத் தெரியும். புதுசு எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

யாரையாவது கேட்டிருந்தால் ஊரில் பத்துப் பேர் வண்டியோடு வந்து நின்றிருப்பார்கள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே! அந்த டிசம்பரிலும் மனுஷர் என் மேஜையில் உட்கார்ந்து, "இந்த வண்டியக் கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்று பேசிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மைனஸ் முப்பத்தாறு. தரையோடு தரையாகப் பனி பறந்துகொண்டிருந்தது. நான் நகரத்தில் என் தங்கை வீட்டில் இரவு தங்கிவிட்டு, காலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது ஆற்றுப் பள்ளம் ஒன்று வரும், அங்கே போன் எடுக்காது. பள்ளத்தில் இறங்கும்போது எதிர்ப்பக்க ஓரத்தில் ஓர்வில்லின் வெள்ளை பிக்கப் நிற்பதைப் பார்த்தேன். வெர்னாவுக்குக் குமட்டல் வந்தால் அவர்கள் இப்படி நிறுத்துவது உண்டு. ஆனாலும் வேகத்தைக் குறைத்தேன்.

எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவன் தெரியாதவன் என்று கிடையாது. 'நான் நல்லா இருக்கேன், நீ போ' என்று அர்த்தம். ஓர்வில் ஒரு விரலைத் தூக்கினார். பக்கத்தில் வெர்னாவும் கையைத் தூக்கினாள். நானும் விரலைத் தூக்கிவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

பங்குக்கு வந்து, கோட்டைக் கழற்றி, காபிச் சட்டியை எடுத்தேன்.

"ஓர்வில்லப் பார்த்தேன், பள்ளத்துல நிறுத்தியிருந்தார். வெர்னாவுக்கு வாந்தி போல."

ஹெய்ன்ஸ் தலையைத் தூக்கினார். "புகை வந்துச்சா?"

"என்ன புகை?"

"பின்னால. சைலன்சர்ல."

மைனஸ் முப்பத்தாறில் ஓடிக்கொண்டிருக்கும் எந்த வண்டிக்கும் பின்னால் வெள்ளைப் புகை ஆள் உயரத்துக்கு நிற்கும். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு அதை ஒருவர் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வெள்ளை வண்டி, தூக்கிய விரல், தூக்கிய கை. பின்னால் சுத்தமான நீல வானம். புகை இல்லை.

சட்டியை வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. மேஜையிலிருந்த மர்ரே ஆம்புலன்சுக்கு போன் போட்டார். எங்கிருந்தோ வர வேண்டும், ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் நான் என் வண்டியில் ஏறிவிட்டேன். பின்னாலேயே ஹெய்ன்ஸ் அவர் வண்டியில்.

அந்த நாற்பது கிலோமீட்டர் மாதிரி ஒரு தூரத்தை நான் என் ஆயுளில் ஓட்டியதில்லை. என் வண்டிக்கும் ஒரு நோய் உண்டு. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது பிடிக்காமல் வழுக்கும், என்ஜின் வெறுமனே கத்தும். இலையுதிர் காலத்திலிருந்தே இருக்கிறது. ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. அன்றைக்கு அது வழுக்கிய ஒவ்வொரு முறையும், இங்கேயே நின்றுவிட்டால் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் ஹெய்ன்சின் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பள்ளத்தில் பானெட் திறந்து கிடந்தது. ஓர்வில் வெறுங்கையால் பேட்டரிக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கையுறை போட்டால் அந்தச் சின்ன நட்டைப் பிடிக்க முடியவில்லையாம். விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நான் இறங்கி ஓடியபோது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஆர்லீன். இப்ப வந்துரும். எப்பவும் வந்துரும்."

"கைய எடுங்கய்யா!"

"இப்ப வந்துரும். பாரேன், எப்பவும் வந்துரும்."

பேயறைந்த மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஹெய்ன்ஸ் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்போது அந்த மனுஷரின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

வெர்னா உள்ளே தூங்கும் பைக்குள் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படிந்திருந்தது. மூச்சு மேலும் மேலும் வாங்கியது, படுக்க முடியவில்லை. அவளைத் தூக்கி என் வண்டியில் நிமிர்த்தி உட்காரவைத்தோம். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. ஹெய்ன்ஸ் ஓர்வில்லை ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தார். நகரம் வரும் வரை நான்தான் வாய் ஓயாமல் எதையோ உளறிக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டார். ஓர்வில்லின் வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று.

மறுநாள் காலை அவர் கையில் கட்டோடு மேஜைக்கு வந்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அக்டோபர்லேர்ந்து நின்னுக்கிட்டிருக்கு" என்றார். "ஒவ்வொரு திங்கக்கிழமையும் அவ ஏறி உக்காரும்போது அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன். பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன். போதுமா?"

இப்போது ஹெய்ன்ஸ் ஏதாவது குத்துவார் என்று காத்திருந்தோம். ஹெய்ன்ஸ் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னோடதுல என்ஜின் தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது" என்றார் கடைசியில். "எங்க போகுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ரெண்டு கேன் பின்னால வெச்சிருக்கேன். தார்ப்பாய் போட்டு மூடி."

"எனக்கு என்ஜின்ல டிக்கு டிக்குன்னு சத்தம்" என்றார் மர்ரே. "ரேடியோவ சத்தமா வெச்சுக்குவேன். சம்சாரம் எனக்குக் காது மந்தம்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

நானும் என் கியரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உண்மை வெளியே வந்ததில் நெஞ்சு லேசாகும் என்பார்கள், எனக்கு அப்படியில்லை, இன்னும் பயம்தான் வந்தது. பிரசவ வலிக்கும், மாரடைப்புக்கும், புயலில் பிள்ளைகளைக் கூட்டிவரவும் இத்தனை காலம் இந்த வண்டிகளைத்தானே நம்பிக் கிளம்பினோம்!

ஓர்வில்லின் வண்டியில் மூன்றாவதாக இன்னொரு சாமானையும் மாற்றிவிட்டு, "இனிமே நிக்காதுன்னு எழுதிக் குடுக்க முடியாது" என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை வந்துவிட்டது. குறையில்லாத வண்டி ஒன்றும் ஊரில் இல்லை. அதனால் இனி இரண்டு வண்டியாகப் போவது என்று முடிவு செய்தோம். வெர்னா என் வண்டியில், ஓர்வில்லோடு ஹெய்ன்ஸ் பின்னால்.

பள்ளம் தாண்டியதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"வெர்னா, அன்னிக்கு உங்களப் பார்த்தேன். பார்த்துட்டும் நிக்காமப் போயிட்டேன். புகை இல்லாததக்கூட கவனிக்கல."

"தெரியும். நானும் உன்னைப் பார்த்தேனே."

"நீயும் கையத் தூக்கவும், எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டேன்."

"அப்படி நினைக்கணும்னுதான் தூக்கினேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு விரலத் தூக்கினது பழக்கம். எதிர்ல வண்டி வந்தா தூக்கத்துலகூடத் தூக்குவாரு. அப்ப வண்டி நின்னு நான் நூறு எண்ணி முடிச்சிருந்தேன். இந்தத் தடவ வராதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ வேகத்தக் குறைச்ச. நிக்கப் போறேன்னு புரிஞ்சுது. நீ நின்னா காலைல மேஜை முழுக்கத் தெரிஞ்சுரும். அவரு மூஞ்சியப் பார்த்தேன். போயிடுன்னு கையக் காட்டினேன்."

"உனக்கென்ன பைத்தியமா? செத்திருப்படீ!"

"ஆமா" என்றாள். "அதையும் யோசிச்சேன்."

மேஜையின் சிரிப்புக்குப் பயந்து என்னை அனுப்பியிருக்கிறாள். அந்த மேஜையில் முப்பது வருஷமாக எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.