சப்டைட்டில் நின்றுபோன படம்

ஓய்வுபெற்றபின் கோவையில் குடியேறிய எனக்குப் பேச்சுத்துணை இல்லை. அதற்காகவே ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன்.

அன்று வெளிநாட்டுப் படம். அயல்நாட்டில் தனித்து வாழும் பெண்ணிடம் பக்கத்து வீட்டுக் கிழவர் முதன்முதலாக வாய்திறந்தபோது சப்டைட்டில் நின்றுபோனது. முறைப்படி புகார் செய்ய எழுந்தேன்.

"ஏனுங்க, உக்காருங்க. சாப்புட்டயா கண்ணுன்னு கேக்கறாருங்க," என்றார் பக்கத்து இருக்கை அம்மா.

"இல்லீங்க, ஊருக்குப் போயிராதேங்கறாரு," என்றது பின்வரிசை.

"விசாவை நீட்டிச்சாச்சான்னு கேட்கிறார்," என்றேன்.

அரங்கமே சிரித்தது. பிறகு படம் முடியும்வரை எல்லோரும் சேர்ந்தே வசனம் பேசினோம்.

"சப்டைட்டிலோட மறுபடி போடட்டுங்களா?" என்றார் அமைப்பாளர்.

"வேண்டாமுங்க," என்று முந்திக்கொண்டேன். கிழவர் என்ன சொன்னார் என்று தெரிந்திருந்தால், அரங்க வாசல் டீக்கடையில் இன்றும் நாங்கள் கூடி நடத்தும் அந்த வழக்கு அன்றே முடிந்திருக்கும்.