ரம்பத்தில் தொங்கிய குருத்தோலை

போன குருத்தோலை ஞாயிறன்று, பூசை முடிந்த கையோடு, முட்டத்திலிருந்து சூசை அண்ணாச்சி எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் இளமஞ்சள் ஓலை, சிலுவையாக மடித்தது. இரும்புத்தூளும் எண்ணெயும் மணக்கிற இடத்தில் குருத்தின் பச்சை வாசனை எழுந்ததும் எனக்குப் பழைய மிசின் ஞாபகம் வந்துவிட்டது.

அது இரும்பு அறுக்கும் பட்டை ரம்பம். இரண்டு சக்கரங்களில் பெல்ட் மாதிரி பிளேடு சுற்றிவரும். அண்ணனும் தங்கச்சி நானும் நாகர்கோவிலில் பட்டறை போட்டபோது கடைசல் பிடிக்கும் லேத்தை அவன் எடுத்துக்கொண்டான். "ஏட்டி, ரம்பத்துக்குப் பொறும வேணும், நீயே பாத்துக்கோ" என்றான். பொறுமையாவது, பிடிவாதம்தான். ஆனால் பிளேடை நேராக ஓட்டுவதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பிளேடைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். விறைப்பாகவே கிடந்தால் சீக்கிரம் விரிசல் விடும். ஞாயிறு எங்களுக்கும் கோயில், அதற்கும் ஓய்வு. தளர்த்தியதற்கு அடையாளமாக, இறுக்கும் கைச்சக்கரத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவையைத் தொங்கவிடுவோம். திங்களன்று இறுக்குகிறவர் அதை எடுத்துவிட வேண்டும். சீட்டு ஒட்டினால் எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

அப்படி ஒரு திங்கள்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். சூசை அண்ணாச்சி விசைப்படகை உந்தும் சுழலியின் தண்டுக்காக ஒரு எஃகுக் கம்பி கொண்டுவந்தார். அன்றுதான் அவரை முதலில் பார்க்கிறேன். இன்னொரு கம்பி கிடைக்க வாரக்கணக்கில் ஆகுமாம். "இது பெசகுனா முதல் கடல் போச்சு மக்கா" என்றார். தடை முடிந்து போகும் முதல் கடலில்தான் மீன் வாரிக் கிடைக்கும்.

கைச்சக்கரத்தில் ஓலை இல்லை. அண்ணன் இறுக்கியிருப்பான் என்று மிசினைப் போட்டேன். வெட்டு பாதி தூரம் போவதற்குள் கோணலாக இறங்கியது. நிறுத்திவிட்டு பிளேடைச் சுண்டிப் பார்த்தேன். கணீரென்று வர வேண்டிய சத்தம் பொத்தென்று வந்தது. அண்ணன் அதைத் தொடவே இல்லையாம்.

"அண்ணாச்சி, இதுல தொங்குன ஓலையப் பாத்தியளா?"

"மந்திரிச்ச ஓலை எண்ணெயில கெடந்தா பாத்துட்டு நிக்க முடியுமா? நாந்தான் எடுத்து வச்சேன்." சுவரைக் காட்டினார். பைபிள் வசன காலண்டருக்குப் பின்னால் ஓலை பத்திரமாக இருந்தது.

நாங்கள் வேறு சபை. எங்கள் கோயிலில் ஓலையை மந்திரிப்பதில்லை, கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அவருக்கு அப்படியில்லை. விஷயத்தைச் சொன்னதும் குனிந்து வெட்டைப் பார்த்தார். "கம்பி போச்சா மக்கா?"

"நீங்க இருங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது."

பிளேடை இறுக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றி, பிளேடின் முதுகு சக்கரத்தின் விளிம்பில் உரசாதபடி திருத்தினேன். பிளேடைத் தாங்கும் சின்ன உருளைகளைக் கம்பிக்கு நெருக்கமாகத் தள்ளினேன். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். நல்ல காலம், கோணல் வெட்டி எறியப்போகிற கழிவுப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. கம்பியைத் திருப்பிப் பிடித்து மறுபுறமிருந்து வெட்டினேன். மிஞ்சிய மேட்டை அண்ணன் லேத்தில் வழித்தான். தண்டின் நீளம் சொன்ன அளவில் நின்றது.

படகு முதல் கடலுக்குப் போயிற்று. அதிலிருந்து வருஷாவருஷம் குருத்தோலை ஞாயிறன்று பட்டறைக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டுக்கு அண்ணாச்சி ஓலையோடு வருவார். "இது மிசினுக்கு" என்று தனியாகக் கொடுப்பார்.

இந்த முறை வீட்டுக்குப் போகாமல் சத்தம் கேட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டார். பழசை மாற்றி வாங்கிய புது மிசின் பிளேடைத் தானே இறுக்கிக்கொள்ளும், தளர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். நான் ஓட்டியதைவிட நேராகவே வெட்டுகிறது, சொல்லத்தான் மனசு வரவில்லை. வேலை குவிந்து கிடப்பதால் அண்ணனும் நானும் முறை வைத்துக் கோயிலுக்குப் போகிறோம். அண்ணாச்சி ஓலையோடு மிசினைச் சுற்றிவந்தார். தொங்கவிடக் கைச்சக்கரம் இல்லை.

"ஞாயித்துக்கெழமையும் ஓடுதா மக்கா?"

"ஓடுது அண்ணாச்சி."

"பின்ன எப்பம் தளத்துவிய?"

 மிசினில், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓலையை வாங்கி, வசன காலண்டருக்குப் பின்னால் நானே சொருகினேன்.