வெடிக்கு ஊளையிட்ட மொறிஸ் மைனர்

முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்தும் எழுத்துப்பிழையும் இந்தப் பத்திரிகையின் அச்சுக் கோப்பவருக்குக் கிழமைதோறும் தலையிடி. இந்தமுறை இன்னும் மோசம். காரணம், கார் அலாரம்.

வாடகைக்கு ஓடும் பழைய மொறிஸ் மைனருக்கு அலாரமா? கொழும்பிலிருந்து வந்த மச்சான் ஆசையாகப் பூட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தால்தானே!

நம் திருகோணமலைத் துறைமுகத்தில் சுழியோடிகள் நீருக்கடியில் வந்து கப்பலுக்குக் குண்டு வைக்காமலிருக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும். 'தும்' என்று நிலம் அதிரும். தேத்தண்ணிக் கடையில் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. என் மனைவி கறியைக் கிண்டிக்கொண்டே இருப்பாள். அலாரம் மட்டும்... ஊருக்குப் புதிது பாருங்கள், வெடிக்கு வெடி ஊளையிட்டது.

திங்கட்கிழமை அந்த ஊளையைக் கேட்டு, கார் நிறுத்துமிடத்துக்கு எதிரே காவல் நின்ற சிப்பாய் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார். எழுந்து வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்: "ஐயா, இன்னொருதரம் கத்தினா கார் கேம்புக்கு."

கார் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. கிண்ணியா மெக்கானிக் சலீம் நானாவை — முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — தேடிப் பிடித்துத் துறைமுகப் பக்கம் கூட்டிவந்தேன்.

அலாரப் பெட்டியில், எவ்வளவு அதிர்ந்தால் கத்துவது என்பதைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி. கால் சுற்றுத் திருப்பினார். பிறகு இருவரும் காத்திருந்தோம். எப்போது வெடி போடுவார்கள் என்று நான் ஆவலோடு காத்திருந்தது வாழ்க்கையில் அன்றுதான்!

'தும்' — ஊளை. அரைச் சுற்று. மறுபடியும் ஊளை. முழுச் சுற்று... 'தும்' — சத்தமே இல்லை.

நானா பம்பரில் ஓங்கி உதைத்தார். அதற்கும் இல்லை.

"நானா, கள்ளன் உதைச்சாலும் கத்தாதோ?"

"இப்பதான் தம்பி, இது திருகோணமலைக் கார். கதவைத் திறந்தா மட்டும் கத்தும். போங்க."

நமக்கும் யாரோ இப்படி ஒரு திருகாணியைத் திருப்பிவிட்டார்கள் போல...

அடுத்த நாள் அதே சிப்பாய்க்கு எதிரே காரை நிறுத்தினேன். 'தும்'. கார் கத்தவில்லை. சிப்பாய் தலையாட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தில், அலாரத்தை நிறுத்தாமலே கதவைத் திறந்துவிட்டேன்.

ஐயோ! தெருவே திரும்பிப் பார்த்தது. கலியாண வீட்டில் கடைசிக் கதிரையைத் தேடி உட்காருகிறவன் நான். சிப்பாய் வேகமாக வந்தார். கார் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, இப்ப காருக்கு வெடி பயம் இல்லை. ஐயாவைக் கண்டாத்தான் பயம்!"

கார் கேம்புக்குப் போகவில்லை; வீட்டில்தான் நிற்கிறது. வெட்கம் தெளிந்து இதை எழுதியது: பெப்ரவரி 16, வெள்ளிக்கிழமை.