ஸ்டெல்லா அக்காவின் ஜெனரேட்டர் அறை

திங்கட்கிழமை காலை, மருத்துவமனையின் அடித்தளத்தில் ஜெனரேட்டரை வாராந்திரச் சோதனைக்கு ஓடவிட்டிருந்தேன். கீழே சிக்னல் கிடைக்காது. செக்யூரிட்டி இறங்கி வந்து கையசைத்து என்னை மேலே அழைத்தார். ஸ்டெல்லா அக்காவின் தம்பி போனில் இருந்தார். அக்காவுக்கு விடியற்காலையில் மாரடைப்பு, அன்று மாலையே அடக்கம்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இந்த ஜெனரேட்டரை இயக்கிவந்தவர் அவர்தான்; எங்கள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "காது அடைக்கும், தலையில டீசல் நாத்தம் போகாது. பரவால்லயா?" என்று கேட்டார்.

சோதனையின்போது பேனலில் உள்ள சுவிட்சை 'மேனுவல்' நிலைக்குத் திருப்புவோம். முடிந்ததும் 'ஆட்டோ'வுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால், கரண்ட் போகும்போது இயந்திரம் தானாகக் கிளம்பாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒருமுறை அக்கா மாற்ற மறந்துவிட்டார். மதியம் கரண்ட் போனது. அறுவை அறை பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சோற்றுக் கையோடு ஓடிவந்து இயக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இயந்திரக் கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவரோ கை கழுவிவிட்டு நேரே மேலாளரிடம் போய், தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் பஸ் ஸ்டாப் வரை போனவர், சுவிட்சைப் பார்க்கத் திரும்பி வருவார். பூட்டை இழுத்துப் பார்க்கும் மாமியார் மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்தேன்.

"சிரிடி. மேல படுத்திருக்கறவங்க எறங்கி வந்து பாக்க முடியாதில்ல," என்றார்.

அந்தத் திங்கட்கிழமை அறையைப் பூட்டிவிட்டு, அனுமதி வாங்கி, மர்பி டவுனில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். பெட்டியருகே நின்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் சுவிட்ச் ஞாபகம் வந்தது. இயந்திரத்தை நிறுத்தியது நினைவிருந்தது. சுவிட்சைத் திருப்பியது நினைவில் இல்லை. வெளியே வானம் கறுத்திருந்தது. மழை வந்தால் கரண்ட் போகும். ஜெனரேட்டர் அறைச் சாவி என் பையில். ஜெபம் தொடங்கிவிட்டது.

தம்பியின் காதில் சொன்னேன்.

"அக்கா எத்தன கிறிஸ்துமஸ்ல பாதி சாப்பாட்டுல எழுந்து போயிருக்காங்க. போங்கம்மா," என்றார்.

மருத்துவமனைக்குத் திரும்புகையில் அல்சூர் தாண்டும்போதே தூறல். வழியிலிருந்த கடைகளில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

சுவிட்ச் மேனுவலில்தான் நின்றது. ஐந்து மணி நேரம் மேலே இருந்த அத்தனை பேரும் வெறும் அதிர்ஷ்டத்தில் படுத்திருந்தார்கள். திருப்பினேன்.

அந்நேரம் மர்பி டவுனில் பெட்டியை மூடியிருப்பார்கள். ஷாக் அடிக்கும் என்பதால், பேனலுக்கு முன் காலணியைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் அறையின் விதி. காலணியோடே நின்று கைகூப்பினேன். போய்வாருங்கள், அக்கா.