ஹார்லனும் கடைத் தோட்டாவும்

டிம்பர் கூலி என்ற ஊரில் ஹார்லன் ட்வெய்ட்டைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், பிறகுதான் பதில் வரும். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர். வம்புதும்புக்குப் போகாதவர். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணியமாகத் தூங்குபவர். குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான்: தோட்டாவைத் தன்னைப் போல வீட்டிலேயே செய்துகொள்ளாமல் கடையில் வாங்குகிறவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"கடைத் தோட்டாவா? சொந்தக் கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு போட்டுட்டுப் போற மாதிரி," என்பார். மனைவி லவோனின் தம்பி வெர்ன் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்வார். வெர்ன் தன் கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டில்தான் போனான். தோட்டாவையும் கடையில்தான் வாங்குகிறான்.

அப்படிப்பட்ட ஹார்லனுக்குச் சென்ற வேட்டைப் பருவத்தில் ஒரு தலைகுனிவு நேர்ந்துவிட்டது. அவருடையது, அடியிலுள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. தோட்டாக்கள் துப்பாக்கிக் குழலுக்கு அடியிலுள்ள குழாய்க்குள், ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தை முட்டியபடி, ரேஷன் வரிசை போல் படுத்திருக்கும். மூக்கு கூராக இருந்தால் முன்னால் இருப்பது குத்துப்பட்டு வெடித்துவிடும். ஆகவே தட்டை மூக்குக் குண்டுதான் ஆகும். அதோடு, மருந்தை அடைத்த பித்தளைக் கூட்டின் வாய் குண்டின் இடுப்பிலுள்ள பள்ளத்தை இறுகக் கவ்வியிருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் சுருள்வில் தள்ளும் தள்ளில் குண்டு கூட்டுக்குள்ளேயே அமுங்கிப் போகும். அப்படித்தான் போயிற்று. துப்பாக்கி சிக்கியது, மான் தப்பியது. குளிர்காலம் முழுக்க வெர்ன் தந்த மான் இறைச்சியைத்தான் வீட்டில் தின்றார்கள். வெர்ன் வெறும் இறைச்சியாகத் தருகிற ஆளில்லை. பொட்டலத்துக்குப் பொட்டலம், அந்த மானை அவன் சுட்ட கதை இலவசம்.

இந்த வருஷம் குளிர்பெட்டியில் தான் சுட்ட இறைச்சிதான் உறைய வேண்டும் என்று ஹார்லன் சபதம் எடுத்தார். கோடையிலேயே சமையல் மேசையில் குண்டுகளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார். கனமானதா, இலேசானதா? பள்ளம் மேலேயா, கீழேயா? உருட்டினார், நிறுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னைக் கட்டிக்கலாமான்னு யோசிக்க உனக்கு ஒரு வாரந்தான் ஆச்சு ஹார்லன்," என்றாள் லவோன். "இந்தக் குண்டுக்கு ஒரு கோடைகாலமா?"

"உன்னைக் குழாய்க்குள்ள போட வேண்டியதில்லையே."

குண்டு ஒருவழியாக முடிவானபோது வேட்டைப் பருவம் வாசலில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கூடுகள் கொஞ்சம் நீளும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சீவிவிட்டுத்தான் கவ்வ வைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதை உபதேசம் செய்பவர் ஹார்லன். உபதேசம் செய்து முடித்தவர்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை என்பது உலக வழக்கு. சீவாமலே உட்கார்ந்தார். கையில் கிடைத்த முதல் கூட்டுக்கு, வாயை இறுக்கும் அச்சைப் பொருத்தினார். சூடு கண்ட பூனையல்லவா, கூடுதலாக ஒரு திருகும் திருகினார். அந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் வெண்ணெயாய் வழுக்கிப் போயிற்று.

"மத்ததையும் போட்டுப் பாத்துடேன்," என்றாள் லவோன்.

"சந்தேகப்படறவங்க கடைல வாங்கிக்கட்டும்."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை ஹார்லன் கேட்டதே இல்லை. ஆனாலும் அதன்படியே நடந்தார். பழமொழி சொன்னவரோ சோற்றைப் பற்றித்தான் சொன்னார், பித்தளையைப் பற்றி உத்தரவாதம் எதுவும் தரவில்லை. அந்த முதல் கூடு குட்டை. மற்றவை நெட்டை. அதே இறுக்கத்தில் நெட்டைக் கூடுகளின் வாய் போக இடமில்லாமல் நசுங்கி, வாய்க்குக் கீழுள்ள தோள்பட்டை மயிரிழை அளவு புடைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத புடைப்பு. துப்பாக்கிக்குத் தெரியும்.

சோதித்துப் பார்த்த அந்த ஒரு தோட்டா, வருவோர் போவோர் பார்த்து மகிழ, வீட்டு ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தது.

பருவம் திறந்த காலை. மேட்டின் மேல் ஒரு பாறையில் ஹார்லன், அடுத்த பாறையில் வெர்ன். கீழே நல்ல கொம்புமான் ஒன்று வந்து நின்றது. ஹார்லன் லீவரை இழுத்தார். பாதியில் நின்றது. அந்தத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி பாதி. அடுத்தது பாறையில் விழுந்து 'டங்' என்றது. மான் தலையைத் தூக்கி, காலங்காத்தாலே எவன் இரும்புக்கடை திறந்திருக்கிறான் என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து மறைந்தது.

"மச்சான், சமையல் ஆவுதா? பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குது," என்றான் வெர்ன்.

ஹார்லன் காலடியில் ஒரு சின்னப் பித்தளைக் குவியல் சேர்ந்தது. வெயில் ஏறிய பிறகு புதர்களுக்குள்ளிருந்து இன்னொரு மான் வெளியே வந்தது. ஹார்லன் எழுந்து போய், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் வெர்னிடம் நீட்டினார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணு குடு."

"ஒண்ணுன்னா? பிஸ்கட்டா?"

"என்னன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். காதாலயும் கேக்கணும். மான் மேயுது, அவசரமில்ல."

"...கடைத் தோட்டா," என்றார் ஹார்லன், உதடு அசையாமல்.

இருவர் துப்பாக்கிக்கும் ஒரே அளவுத் தோட்டாதான்; அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மான் விழுந்தது. பெட்டி நிறைந்தது.

அதற்குப் பிறகுதான் சித்திரவதை. வெர்ன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்தான், தின்றான், "கறி மெத்துனு இருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான். ஹார்லன் தயார் செய்து வைத்திருந்த பதில்களெல்லாம் குளிர்காலம் முழுக்க வயிற்றிலேயே புளித்தன.

பனி உருகும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்ன் சட்டைப் பையிலிருந்து காலிக் கூடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். "நான் குடுத்த தோட்டாவோட கூடு, அன்னிக்கு மேட்டுல பொறுக்கினேன். கடனா வாங்கினதை ரொப்பித் திருப்பிக் குடுக்கணும்ல மச்சான்?"

ஹார்லன் கூட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். அளந்தார். சீவினார். மறுபடி அளந்தார். மருந்து நிரப்பிக் குண்டை வைத்து இறுக்கினார். வாய் பள்ளத்தைக் கவ்வியது. கூடு துளியும் புடைக்கவில்லை. தன் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார், எடுத்தார், இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பேருந்துக்கு பிரேக் மாட்டும்போதுகூட அவர் இவ்வளவு பயந்ததில்லை.

வெர்ன் வண்டியிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்து வந்தான். முற்றத்து மண்மேட்டைப் பார்த்துப் பிடித்து, தோட்டாவைப் போட்டு லீவரை இழுத்தான். சத்தமில்லாமல் மூடியது. வெளியே எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடடா மச்சான்! அப்படியே கடைல வாங்கின மாதிரியே இருக்கு!"

சமையலறை ஜன்னலில் லவோன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். ஹார்லன் வாயைத் திறந்தார். பிறகு, ஒழுங்காகச் சீவிய கூட்டைப் போல, அளவாக மூடிக்கொண்டார்.