பாடாத ஒருத்தியின் குரல்

முல்லைத்தீவுக் கரையோரச் சிலாவத்தையில் மெல்ரொனைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் ஏற்றும் ஐஸ் லொறி ஓடுகிறவன் என்று பாதிப்பேருக்குத் தெரியும். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவன் என்று மற்றவர்களுக்குத் தெரியும். முப்பத்துநாலு வயதுக்குள் அவன் கைவைக்காத இசை இல்லை. கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசித்தான், கூத்துக்காரரோடு மத்தளம் அடித்தான், வவுனியாப் பெடியளோடு சேர்ந்து காது கிழிய ரொக் பாடினான். ஒருமுறை ஒப்பாரியை எடுத்து ராப்புக்குள் வைத்து, ஊரில் நல்ல ஏச்சும் வாங்கினான். "இவன் ஒண்டில நிக்கமாட்டான்" என்பார் தகப்பன் மரியநேசன்.

மேனுகா அவனை விட்டுப் போனது ஒரு தை மாதத்தில். ஸ்கந்தபுரத்துப் பெண், கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடையில் வேலை. ஆறு வருடப் பழக்கம். அவர்கள் சைவம், இவர்கள் கிறிஸ்தவ வேதம் என்று இரண்டு வீட்டிலும் இழுபறிப்பட்டு, ஒருவழியாக எல்லாரும் சம்மதித்த பிறகுதான் அவள் வேண்டாம் என்றாள்.

"நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்தாலும் வேற எங்கயோ பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறீங்கள். நான் அழுதாலும் அதில மெட்டுத்தான் தேடுவீங்கள். எனக்குக் களைச்சுப்போச்சு."

தன்னோடு ஒரு பாட்டாவது பாடச் சொல்லி அவன் அவளை எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். அவள் ஒருநாளும் பாடியதில்லை. என்னிடம் எனக்கென்று இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான், அதை விட்டுவிடுங்கோ என்பாள்.

அவள் போனபிறகு மெல்ரொன் கீபோர்டைச் சாக்கால் சுற்றி மூலையில் வைத்தான். கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினான். ஒரு கிற்றார், ஒரு குரல், ஒன்பது பாட்டு. அவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்தான்.

பாட்டுகளைப் பதிவதற்கு இடமும் கிடைத்தது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் றோட்டில் அவனுடைய சித்தி பிரான்சிலிருந்து காசனுப்பிக் கட்டிய வீடு ஒன்று இருந்தது. ஒருவரும் குடிவரவில்லை. கதவுத் திறப்பு மெல்ரொனிடம். விடிய மீனை வவுனியாவில் இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு திரும்பிவரும்போது உச்சிவெயிலாகியிருக்கும். வீட்டுக்கு முன்னால் லொறியை நிறுத்திவிட்டு உள்ளே போவான். பளிங்குத் தரை, வெள்ளைச் சுவர், ஒரு கதிரை. மூன்று பக்கமும் பற்றைக்காடு. அந்த நேரத்தில் குருவிகூடச் சத்தம் போடாது.

பங்குனியில் முதற்பாட்டைப் போனில் பதிந்தான். லொறிக்குள் ஏறி, காதில் மாட்டிக் கேட்டான். இரண்டாவது அடி முடிந்து, அவன் மூச்செடுக்கும் இடத்தில், இன்னொரு ஆள் முனகியது. பெண்குரல். வாயை மூடிக்கொண்டு, அவனுடைய மெட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்று, தொடர்ந்து போனது.

றோட்டில் யாரோ போயிருப்பார்கள் என்று நினைத்தான். அடுத்தநாள் யன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடினான். குரல் இன்னும் கிட்ட வந்திருந்தது. நாலாவது பாட்டில் ஓரிடத்தில் சொல் மறந்து, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த ஒரு மெட்டைப் பாடினான். அவனுக்கே முன்பு தெரியாத மெட்டு. அதை அந்தக் குரல் அவனுக்கு ஒரு நொடி முந்தியே முனகிவிட்டிருந்தது. ஆனாலும் அவன் போவதை நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் குரலுக்காகத்தான் போனான். எட்டுப் பாட்டு முடிந்தது.

பதிந்ததையெல்லாம் பரந்தனில் ரஜிதனிடம் கொண்டுபோனான். ரஜிதன் அவனோடு ரொக் பாடிய கூட்டாளி, இப்போது சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவன். குரலைப் பற்றி மெல்ரொன் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று பார்க்க நினைத்தான்.

ரஜிதன் அரைப்பாட்டிலேயே திரும்பினான். "ஆரடா இந்தப் பிள்ளை? நல்லாப் பாடுறா."

"அதை எடுத்துவிடுவியோ?"

ரஜிதன் பின்னேரம் வரைக்கும் கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டினான். "ஏலாது மச்சான். அவாவை வெட்டினால் உன்ர குரலும் சேர்ந்து போகுது. ரெண்டும் ஒரே தொண்டையால வந்த மாதிரிக் கிடக்கு. இதை எங்க பதிஞ்சனீ?"

மெல்ரொன் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அதுவரை மனதுக்குள் அமுக்கி வைத்திருந்த எண்ணம் மேலே வந்துவிட்டது. மேனுகாவோடு கதைத்து நாலு மாதம். அவளுக்கு ஏதும் நடந்திருந்தால்? நடந்திருந்தாலும் தனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஸ்கந்தபுரம் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. வழி முழுக்க, இன்னும் பதியாத ஒன்பதாவது பாட்டின் மெட்டு மனதுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெட்டை அவன் வாய்விட்டுப் பாடியதே இல்லை.

கதவைத் திறந்தவர் தாய் அமராவதி. மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்தவர். பேச்சில் அந்த வாடை இன்னும் இருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க. புள்ள தூங்குது. இப்பெல்லாம் மத்தியானம் ஆனா கண்ணு சொருகிப்போகுது அதுக்கு. கடையிலயும் இதே கதைதானாம்."

உயிரோடுதான் இருக்கிறாள். மெல்ரொன் கதிரையில் போய் இருந்தான். அப்போதுதான் உள் அறையிலிருந்து அது கேட்டது. வாயை மூடிக்கொண்டு முனகும் குரல். ஒன்பதாவது பாட்டு.

அவன் பயந்துபோய் மனதுக்குள் மெட்டை நிறுத்தினான். உள்ளேயும் நின்றது. வேண்டுமென்றே அடுத்த அடியை நினைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த அடி வந்தது.

"இப்புடித்தான், தூக்கத்துல பாடுது" என்றார் அமராவதி, தாழ்ந்த குரலில். "பங்குனியிலருந்து. எந்திரிச்சா ஒண்ணும் ஞாபகம் இல்லேங்குது."

கொஞ்ச நேரத்தில் மேனுகா எழும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். அவனைக் கண்டு திடுக்கிடவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவன் போனை நீட்டினான். அவள் காதில் மாட்டி முதற்பாட்டை முழுதாகக் கேட்டாள். பிறகு இரண்டாவதை. மூன்றாவதில் கழற்றிவிட்டாள்.

"இது நான்."

"ஓம்."

"நான் ஒருநாளும் உங்களோட பாடேல்லை."

"தெரியும்."

"எழும்பேக்க தொண்டை காஞ்சு, நோகும். ஆரோ நாள் முழுக்க என்னட்ட வேலை வாங்கின மாதிரி." அவள் சத்தம் வைத்து ஏசவில்லை. சத்தம் வைத்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்களை விட்டு வந்தும் எனக்கு ஓய்வில்லையோ? என்னை நினைச்சு அழுறதெண்டால் அழுங்கோ. கூப்பிடாதேங்கோ."

"நான் கூப்பிடேல்லை, மேனுகா. எனக்குத் தெரியாது. ஆனா..." அவன் தலைகுனிந்தான். "உம்மட குரல் கேட்டபிறகும் நான் நிப்பாட்டேல்லை. எட்டுப் பாட்டும் பாடினனான்."

"அதைச் சொன்னீங்களே, அது போதும்" என்றாள். "இனி விடுங்கோ."

அவள் முன்னாலேயே போனில் இருந்ததை அழித்தான். திரும்பும் வழியில் பரந்தனில் இறங்கி, ரஜிதனிடம் இருந்ததையும் அழிக்கச் சொன்னான். ரஜிதன் தூஷணத்தால் ஏசினான். ஏசிக்கொண்டே அழித்தான்.

பாட்டுகளை மெல்ரொன் திரும்பப் பதிந்தது சிலாவத்தைக் கடற்கரையில், காலை ஒன்பது மணிக்கு, வலை இழுக்கிறவர்களின் சத்தத்துக்கும் படகு எஞ்சின்களின் இரைச்சலுக்கும் நடுவில். மெட்டுகள் எல்லாம் நினைவில் இருந்தன. ஆனால் அவன் மூச்செடுத்த இடங்கள், சொல் மறந்த இடங்கள், அவள் நிரப்பிய இடங்கள் வரும்போது ஒன்றும் வரவில்லை. கிற்றார்க் கம்பிகளையும் கையால் பொத்திக்கொண்டு, அந்த நேரம் கடக்கும்வரை சும்மா இருந்தான். ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் காது தானாகக் கூர்ந்தது. கடல்தான் கேட்டது.

படகோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பன் மரியநேசன் கடைசிப் பாட்டு முடிய நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா சரியான தனியக் கிடக்கு, தம்பி."

அதையே பாட்டு அல்பத்துக்குப் பெயராக வைத்தான்: 'தனிய'. யூடியூப்பில் போட்டான். முதல் மாதம் முந்நூறு பேர் கேட்டார்கள், பிறகு வெளிநாடுகளிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். மேனுகாவிடமிருந்து ஒரேயொரு செய்தி வந்தது. மத்தியானத்தில் இப்போது முழித்திருந்து வேலை செய்கிறாளாம். கடையில் சம்பளமும் கூட்டியிருக்கிறார்களாம். பாட்டுகளைக் கேட்டாளா என்று அவள் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை.

பாட்டுக்குக் கீழே கருத்து எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறார்கள். நடுவில் சத்தம் நின்றுநின்று போகிறதே, பதிவு பழுதா என்று. மெல்ரொன் எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதுகிறான். பழுதில்லை, அந்த இடம் என்னுடையதில்லை.