அவள் கேட்காத மொழிபெயர்ப்பாளர்

என் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். ஆனாலும் நோர்வேஜிய மொழிப் பாடத்தில் என்னை எப்போதும் முந்தியவள், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்திலேயே வளர்ந்த எரித்திரியத் தோழி. தன் தம்பி இறந்த பிறகு அவளுக்கு நித்திரையே இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து உளவியலாளரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

அறைக்குள் இன்னொருவர் இருந்தார். அவளுடைய பெற்றோரின் மொழிக்கென்று, அவளைக் கேட்காமலே உளவியலாளர் வரவழைத்த மொழிபெயர்ப்பாளர். அவளுடைய அம்மாவின் தேவாலயத்தில் பாடுபவர்.

“நான் ஒஸ்லோவிலை பிறந்தனான்,” என்றாள், சுத்தமான நோர்வேஜிய மொழியில்.

“எதுக்கும் இருக்கட்டும்,” என்று உளவியலாளர் சிரித்தார்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் சுகம் விசாரித்தார். அவரை வெளியே போகச் சொன்னால், எதையோ மறைக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமையே தேவாலயம் முழுக்கத் தெரிந்துவிடும். அவள் முதுகு வலி என்று மட்டும் சொன்னாள். நித்திரை நன்றாக வருகிறதாம். இனி வரத் தேவையில்லை என்று உளவியலாளர் மகிழ்ச்சியோடு கைகொடுத்தார்.

ரயிலில் நான் கொதித்தேன். “உன்னைத் தனியக் கதைக்க விடச்சொல்லி நான் எழுதுறன்.”

“எழுதடி, நீதானே படிச்சனி. முதல்லை நான் கதைக்கிறதும் நோர்வேஜியன்தான் எண்டு அவையளுக்குச் சொல்லிக் குடு.”

இன்றும் அவளுக்கு நித்திரை இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அவள் சுகமாகிவிட்டாள்.